பதினைந்து வயதுக்கு ஒரு தெரு

சென்னையில் இரவு ஏறினால் காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியில் இறக்கிவிடும். பல ஊர்களில் ரயிலடி ஏதோ ஒரு கோடியில் கிடக்கும். ஊருக்குள் வந்து சேர ஆட்டோக்காரரோடு பேரம் பேச வேண்டும். இங்கே அப்படி இல்லை. ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதுமே டீக்கடை, லாட்ஜ், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடித்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குக் கடல் தெரிந்துவிடும்.

போன பொங்கல் விடுமுறையில் இரண்டு பிள்ளைகளோடு இந்த ஊரில் இறங்கினேன். மகளுக்குப் பதினைந்து வயது. அண்ணன் மகனுக்குப் பதினேழு. இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே இருவரோடு இதே ஊருக்கு வந்திருந்தேன். அந்தப் பயணத்தில் ஒரு தவறு செய்தேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

அப்போது நான் அறையைப் பார்த்து இடம் பிடித்தேன். பெரிய கட்டில், நல்ல ஏ.சி., கார் நிறுத்த வசதி, திருச்செந்தூர் போகவர லேசான வழி. எல்லாம் சொன்னபடியே இருந்தன. ஆனால் ஹோட்டல் இருந்தது நான்கு வழிச் சாலையின் ஓரத்தில். வாசலில் இறங்கினால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. எதிரே ஒரு பெட்ரோல் பங்க், அதற்கப்பால் வெறும் பொட்டல். பிள்ளைகள் ஒரு சோடா வாங்க வேண்டும் என்றாலும் என்னிடம் வந்து நின்றார்கள். நான் துணைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கார் எடுக்க வேண்டும். இரண்டு நாளும் அறைக்குள் படுத்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "எப்பப் பாரு போன்" என்று நான்தான் சத்தம் போட்டேன். அவர்கள் கையில் போனைத் தவிர நான் வேறு எதையும் கொடுக்கவில்லை என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

சின்னப் பிள்ளைகளை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். நாம் இருக்கிற இடம்தான் அவர்களுக்கு ஊர். பதின்மூன்று, பதினான்கு தாண்டியவர்களுக்கு அப்படி இல்லை. நாம் காட்டுகிற ஊர் அவர்களுக்குப் பாதிதான். மீதிப் பாதியை அவர்களே தேடிப் பார்க்க வேண்டும். எட்டு மணிக்கு எழுப்பி, வேனில் ஏற்றி, கோயில், கோட்டை, மணிமண்டபம் என்று இறக்கி ஏற்றினால் அவர்கள் முகம் தொங்கிப்போவதில் ஆச்சரியமில்லை. ஆகவே இந்த முறை ஹோட்டல் தேடுமுன் எனக்கு நானே ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். பதினைந்து வயதுப் பெண், கையில் இருநூறு ரூபாயோடு, பட்டப்பகலில் தனியாக இறங்கி, தனக்குப் பிடித்த ஒன்றை வாங்கிக்கொண்டு நடந்தே அறைக்குத் திரும்ப முடிகிற தெரு எது?

அண்ணாச்சி போட்ட எல்லை

தூத்துக்குடியில் அந்தக் கேள்விக்குப் பதில், ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற பழைய நகரம். கிரேட் காட்டன் ரோடு, டபிள்யூ.ஜி.சி. ரோடு, வி.இ. ரோடு, பீச் ரோடு, இவற்றை இணைக்கிற சின்னச் சின்னத் தெருக்கள். அங்கே ஒரு லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து அறையாக இரண்டு எடுத்தோம். அறை சுமார்தான். லிஃப்ட் சிறியது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் துணி காய்ந்தது. ஆனால் வாசலில் இறங்கினால் ஊர் இருந்தது.

வரவேற்பில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, பிள்ளைங்க தனியா வெளிய போனா பயமில்லையே?"

"எந்தப் பக்கம் போவாங்கன்னு சொல்லுங்கம்மா, பொறவு சொல்லுதேன்" என்றவர், நான் பதில் சொல்லக் காத்திராமல் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார். "கிழக்க கடல். அதுக்கு அங்கிட்டு போவ முடியாது. மேக்க ஸ்டேஷன். வடக்க திரேஸ்புரம். தெக்க ரோச் பூங்கா. இதுக்குள்ள எங்கன வேணும்னாலும் போட்டும். வழி தப்பிட்டுன்னா மாதா கோயில் எங்கனன்னு கேக்கச் சொல்லுங்க. கைப்பிள்ளைகூடச் சொல்லும்."

அந்தத் தாளை மகள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மூன்று நாளும் அவள் அதை எடுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன். கையில் இருந்த போனிலும் வரைபடம் இருந்தது. அதை அவள் திறக்கவில்லை.

அண்ணாச்சி போட்ட அந்தச் சதுரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. கிரேட் காட்டன் ரோடு என்ற பெயரிலேயே பருத்தி இருக்கிறது. கரிசல் காட்டுப் பருத்தி கப்பலேறியது இந்தத் துறையிலிருந்துதான். 1876-இல் மணியாச்சியிலிருந்து ரயில் வந்து சேர்ந்த பிறகு சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களும் இங்கே வந்துதான் நீராவிக் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, பயணம் தனுஷ்கோடி வழியாக மாறும்வரை இந்த ஸ்டேஷன்தான் இலங்கைக்கு வாசல். 1906-இல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தக் கொழும்புப் பாதைக்காகத்தான். பாடப்புத்தகத்தில் 'கப்பலோட்டிய தமிழன்' என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்த பையன், ரயிலடியிலிருந்து கடல் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு, "அத்தை, இவ்வளவு கிட்டவா? டிக்கெட் எடுத்து நடந்தே கப்பலுக்குப் போயிருப்பாங்க இல்ல?" என்றான். அவன் அப்படி ஒரு பாடத்தைப் பற்றித் தானாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று மாலை 1908-இல் கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரிக் கடைசியில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்ற கதையையும், மார்ச் 12-இல் வ.உ.சி. கைதான கதையையும் பீச் ரோட்டில் நடந்துகொண்டே சொன்னேன். காரில் போயிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், நேரமும் இருந்திருக்காது.

பனிமய மாதா பேராலயம் அந்தச் சதுரத்தின் நடு. அண்ணாச்சி சொன்னது உண்மை. இந்த ஊரில் எந்த வழி கேட்டாலும் பதில் மாதா கோயிலிலிருந்துதான் தொடங்குகிறது. இப்போது நிற்கும் ஆலயம் 1713-இல் திறக்கப்பட்டது. மாதா சொரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது ஆலய மரபு. அதற்கும் முன்பே, 1530-களில், இந்தக் கரையின் பரதவர்கள் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடி ஊர் ஊராக மதம் மாறியிருந்தார்கள். பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542-இல். 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் 1750-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் கடற்கரைப் பக்கம் இன்றும் இருக்கிறது. இலங்கையில் காலிக்குப் போகிறவர்களிடம் "கோட்டைக்குள்ளேயே தங்குங்கள்" என்று சொல்வது வழக்கம். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பிரெஞ்சுக்காரர் தெருக்களில் அறை தேடுகிறார்கள். அதே டச்சுக்காரர்கள், அதே கடல், தூத்துக்குடியிலும் அப்படி ஒரு பழைய நகரம் இருக்கிறது. ஆனால் இங்கே வந்து இரண்டு இரவு தங்கு என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. திருச்செந்தூர் போகிற வழியில் பேருந்து ஜன்னலில் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

பிள்ளைகளுக்கு வரலாறு மட்டும் போதாது, வயிறு இருக்கிறது. மக்ரூன் விற்கிற பேக்கரிகள் டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலும் சுற்றியும் நடை தூரத்தில்தான். முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித்தூள் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். மைதா இல்லை. காற்றுப் பட்டால் பிசுபிசுத்துவிடும், ஆகவே காலையில் வாங்கி மாலைக்குள் தின்றுவிட வேண்டும். மூன்று கடையில் வாங்கிப் பார்த்து எது சிறந்தது என்று இருவரும் சண்டை போட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

இருட்டிய பிறகு பரோட்டா. இந்த ஊரில் மாலைக்கு மேல் திறக்கிற பரோட்டாக் கடைக்கு 'நைட் கிளப்' என்றே பெயர். குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது. கல்லில் பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கிற சத்தம் தெருமுனைவரை கேட்கும். சால்னாவை வாளியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு மகளை வெளியே அழைத்துப் போவது என்றால் நான் நூறு தடவை யோசிப்பேன். இங்கே அந்த நேரத்தில் தெருவில் பாட்டிகள் இருந்தார்கள், கைக்குழந்தைகள் இருந்தன. ஒரு பகுதி பாதுகாப்பானதா என்று பார்க்க நான் நம்புகிற அளவுகோல் இதுதான்: இரவு எட்டரைக்குத் தெருவில் பெண்கள் நடக்கிறார்களா, கடை வாசலில் வயதானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா. பகலில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

கயிறு பிடிப்பவர்

திரேஸ்புரம் சதுரத்தின் வடக்கு எல்லை. முதல் நாள் நானும் கூடப் போனேன். நாட்டுப்படகுகள் கரைக்கு வந்து, மீனை மணலிலேயே கொட்டி ஏலம் விடுகிற இடம். சங்கு குளிக்கிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். சுற்றுலா இடம் இல்லை. மனிதர்கள் வேலை செய்கிற இடம். அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்கக் கூடாது, மூக்கைப் பொத்தக் கூடாது. கடைசிதான் மகளுக்குச் சிரமமாக இருந்தது. பத்து நிமிடத்தில் பழகிவிட்டாள்.

முத்துநகர் என்று பெயர் இருக்கிறதே, முத்து எங்கே என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த கொற்கையின் முத்து பழைய கிரேக்கர்களுக்கும் தெரிந்திருந்தது; மார்க்கோ போலோ இந்தக் கரையின் முத்துக்குளிப்பை எழுதி வைத்திருக்கிறார். கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயலும் குளமுமாக இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் முடிந்துபோனது. முத்துச் சிப்பி விளைந்த பார்கள் மீளவில்லை. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இங்கே சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது வேறு கதை. இன்று கடைகளில் கிடைக்கிற முத்து மாலை இந்தக் கடலுடையது அல்ல. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வது நல்லது. ஊரின் பெயர் ஒரு காலத்தின் நினைவு என்று தெரிந்த பிறகு அவர்கள் சங்கை வேறு கண்ணோடு பார்த்தார்கள். சங்கு இன்னும் வருகிறது. வங்காளத்துப் பெண்கள் கல்யாணத்துக்கு அணிகிற வெள்ளை வளையல் இந்தக் கடலடியில் கிடக்கிற சங்கிலிருந்து அறுத்தது.

சங்கு குளிக்கிற ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கரையில் வலையை விரித்துக்கொண்டே பையனிடம் அந்தக் கால முத்துக்குளிப்பைப் பற்றிச் சொன்னார். அவருடைய தாத்தா குளித்தவராம். காலில் கல்லை மாட்டிக்கொண்டு ஐந்து பாகம், எட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். இடுப்பில் கயிறு. மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்ட வேண்டும். உடனே மேலே இழுத்துவிடுவார். "யாரு வேணும்னாலும் பிடிக்கலாமா?" என்று பையன் கேட்டான். "அதெப்படிலே, மச்சான்தான் பிடிக்கணும்" என்றார் அவர். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று நினைக்கிறவன் அசர மாட்டான் என்பது இந்தக் கடற்கரையில் காலங்காலமாக வழங்குகிற பேச்சு.

நான் அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டபடி நின்றிருந்தேன். கயிறு பிடிப்பவர் கூடவே குதிப்பதில்லை. அடிக்கடி இழுத்துப் பார்ப்பதும் இல்லை. அப்படி இழுத்தால் குளிகாரர் ஒரு சிப்பிகூட எடுக்க முடியாது. கவனமாக நிற்கிறார், அவ்வளவுதான். அன்று மதியம் லாட்ஜில் உட்கார்ந்து எங்கள் விதிகளை நாங்கள் எழுதினோம். இருவரும் சேர்ந்து போகலாம், பகலில் தனித்தனியாகவும் போகலாம். சதுரத்தைத் தாண்டுவதென்றால் சொல்லிவிட்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு செய்தி, ஒரே வார்த்தை போதும். அழைத்தால் எடுக்க வேண்டும். கடலில் இறங்குவது நான் இருக்கும்போது மட்டும். விளக்கு வைத்த பிறகு மூவரும் சேர்ந்துதான். எதற்கு எந்த விதி என்று அவர்களும் பேசி ஒப்புக்கொண்டதால் ஒருவரும் மீறவில்லை.

மற்ற பகுதிகள்

எல்லாருக்கும் பழைய நகரம் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் முழங்கால் வலிக்கிற தாத்தா பாட்டியும் வருகிறார்கள், சொந்தக் காரில் வருகிறீர்கள் என்றால் பாளை ரோடு, எட்டயபுரம் ரோடு, புதிய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய பகுதிகளில் புதிய ஹோட்டல்கள் இருக்கின்றன. அறை பெரிது, நிறுத்துமிடம் தாராளம், வாகைகுளம் விமான நிலையத்துக்கும் நெல்லைக்கும் கிளம்புவது எளிது. ஆனால் மூன்றாவது மைல், எஃப்.சி.ஐ. குடோன் ரவுண்டானா பக்கம் லாரிப் போக்குவரத்து ஓய்வதே இல்லை. அங்கே பதினைந்து வயதுப் பிள்ளையைச் சாலை கடக்க விட எனக்குத் துணிவில்லை. தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பீச் ரோட்டில் இறக்கிவிடுங்கள்; இரண்டு மணி நேரம் கழித்து அழைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பகுதி எல்லாவற்றுக்கும் கிட்டே. நெருக்கடியும் அதிகம். சில லாட்ஜ்கள் நன்றாக இருக்கின்றன, சிலவற்றின் கீழ்த்தளத்திலேயே மதுக்கூடம். அறை பிடிக்கும்போது நேராகக் கேட்டுவிடுங்கள்: "அதே கட்டடத்தில் பார் இருக்கிறதா?" இருந்தால், மகள் தனியாகப் படியிறங்க முடியாத லாட்ஜ் அது. மில்லர்புரம், பிரையண்ட் நகர் எல்லாம் அமைதியான குடியிருப்புகள். சொந்தக்காரர் வீடு அங்கே இருந்தால் யோசிக்காமல் தங்கலாம். முத்தையாபுரம், ஸ்பிக்நகர் தெற்கே தள்ளி. வேலை நிமித்தம் வருகிறவர்களுக்கு.

துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கமே தங்க நினைக்க வேண்டாம். 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்ட, இன்று வ.உ.சிதம்பரனார் பெயரில் இருக்கிற புதிய துறைமுகம் ஊருக்குத் தெற்கே தனி உலகம். உள்ளே போக அனுமதி வேண்டும். அதை ஒட்டிய முயல் தீவுக்குக் காணும் பொங்கல் அன்று ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறது, நாங்களும் போனோம். மற்ற நாட்களுக்குப் பீச் ரோட்டில் தெற்கே இருக்கிற ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் போதும். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றுகிற மரத்தோணி கண்ணில் பட்டால் அதைவிடப் பெரிய காட்சி இல்லை. வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு இன்றும் கடல் கடக்கிற மரக்கலம் அது.

அலையில் குளிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடிக் கடல் சாதுவானது. எதிரே மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளப்பாறைகளும் அலையை உடைத்துவிடுகின்றன. அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. மீனவர் படகில் ஏறிப் போய்வரலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அலை வேண்டுமானால் மணப்பாடு. 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், சவேரியார் தங்கிய குகை, மணல் குன்று, கடல்சறுக்கு விளையாடுகிற இளைஞர்கள் என்று ஒரு முழு நாளைக்கு அங்கே இருக்கிறது. போகிற வழியில் புன்னைக்காயல் பிரிகிற இடத்தில் நிறுத்தி, இந்தியாவில் முதன்முதலில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை 1578-இல் கொண்டுவந்த அன்ட்ரீக் அடிகளார் இந்த ஊரில்தான் வாழ்ந்தார் என்று சொல்லலாம். அதற்கு மேல் நீட்டினால் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொள்வார்கள்.

காலம் பார்த்து வருவது இடம் பார்த்துத் தங்குவதைப் போலவே முக்கியம். கோடை விடுமுறையில் வெயில் கொல்லும். தவிர ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன்பிடித் துறைமுகம் உறங்கிக் கிடக்கும். ஆனால் உப்பளம் பார்க்க அதுதான் பருவம். பாத்திகளில் உப்பு வாரிக் குவிக்கிற வேலை வெயிலோடு நடக்கும். மற்ற மாதங்களில் விசைப்படகுகள் விடியுமுன் போய் இரவுக்குள் திரும்பிவிடும். அன்றன்றைக்குத் திரும்புகிற இந்த வழக்கத்தால் இரவிலும் மீன் ஏலம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை மாதா கோயில் திருவிழா. ஊர் அழகாக இருக்கும், அறை கிடைக்காது. எப்போதாவது ஓடுகிற தங்கத்தேர் 2023-இல் ஓடியது.

நவம்பர், டிசம்பரில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரமே தண்ணீரில் நின்றது. கடல்மட்டத்தை ஒட்டிய தட்டையான ஊர் இது. பக்கிள் ஓடை தாங்குகிற அளவுக்குத்தான் தண்ணீர் வடியும். அந்த மாதங்களில் தரைத்தள அறை வேண்டாம். மற்ற மாதங்களில் பிரச்சினை நேர்மாறு. குடிநீருக்காக இந்த ஊர் தவித்த காலம் உண்டு. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்ததால்தான் ஊர் நடுவில் அவருக்குச் சிலை நிற்கிறது. சில லாட்ஜ்களில் குழாயைத் திறந்தால் இன்றும் உப்புத்தண்ணீர்தான். தலைமுடி பற்றிக் கவலைப்படுகிற வயதில் பிள்ளைகள் இருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், காலை ரயிலில் இறங்குகிறவர்கள் 24 மணி நேர செக்-அவுட் உள்ள லாட்ஜாகப் பாருங்கள். மதியம் 12 மணிக் கணக்கு என்றால் பாதி நாள் வாடகை வீணாகப் போகும்.

மாதா கோயில் வாசலில்

மூன்றாம் நாள் மாலை. பேராலயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள். "அம்மா, சுடப்பட்டது இங்கேயா?"

2018 மே 22 அவளுக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். எங்கோ படித்திருக்கிறாள். இங்கே இல்லை, ஆனால் இங்கிருந்தும் புறப்பட்டார்கள் என்றேன். ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். ஊர் மக்கள் மாதா கோயில் பக்கம் திரண்டு ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி பதின்வயது மாணவி. நாங்கள் முந்தாநாள் நின்ற திரேஸ்புரத்திலும் ஒரு பெண் விழுந்தார்.

"என் வயசா?" என்றாள்.

உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள் என்றேன். அவள் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. பையன் எழுந்து போய் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்தான். கோயிலுக்குள் ஜெபமாலை சொல்கிற குரல்கள் கேட்டன. எதிரே தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கள் காலடிக்கு வந்தபோது மகள் எடுத்து எறிந்தாள்.

பிள்ளைகளோடு ஒரு ஊருக்குப் போகும்போது அங்கே நடந்த துயரத்தை ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைக்கிற பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு வழிச் சாலையோர ஹோட்டலில் தங்கியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. நடந்து திரிந்த தெருவைப் பற்றித்தான் பிள்ளைகள் கேட்பார்கள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது பக்கத்து அறை காலியாக இருந்தது. போனில் இருவரிடமிருந்தும் ஒரே வார்த்தை, ஐந்து ஐம்பதுக்கு வந்திருந்தது: "திரேஸ்புரம்." ஏழேகாலுக்குத் திரும்பி வந்தார்கள். செருப்பெல்லாம் மணல். முதல் நாள் வலை விரித்தவர் கடலுக்குப் போயிருந்தாராம். அவருடைய மனைவி ஏலம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தாராம். ஊளி மீனுக்கும் சீலாவுக்கும் என்ன வித்தியாசம் என்று பையன் எனக்கு விளக்கினான்.

அறையைக் காலி செய்யும்போது மகளின் பையிலிருந்து அந்தப் பழைய பில் விழுந்தது. அண்ணாச்சி போட்ட கோடுகளுக்குள் நீல மையில் சின்னச் சின்ன எழுத்து நிறைந்திருந்தது. ஒரு பேக்கரி, பூனைகள் படுத்திருக்கிற ஒரு படிக்கட்டு, தெருவில் கேரம் ஆடுகிற தாத்தாக்கள், பழைய ஓட்டு வீட்டின் பச்சைக் கதவு, கடல் முதலில் தெரிகிற திருப்பம். வடக்குக் கோட்டுக்கு அப்பால், தாளின் ஓரத்தில், ஒரு அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாள்: "அடுத்த தடவை தருவைகுளம். அம்மாகிட்டச் சொல்லணும்."

அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுக்கும்போது அந்தத் தாளையும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பச்சைக் கதவு எந்தத் தெரு என்று மகளிடம் கேட்டார். இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன், நான் பார்த்ததில்லையே என்றார். அவள் அவரை வாசலுக்கு அழைத்துப் போய்க் கையை நீட்டி வழி சொல்ல ஆரம்பித்தாள்.